வண்டி ஏன் கொதித்தது என்று கேட்டிருந்தீர்கள்

கோவில்பத்து, காரைக்கால்
2-5-1982, ஞாயிறு

அன்புள்ள தெட்சிணாமூர்த்தி அண்ணாவுக்கு,

அம்மா சொல்ல அல்லி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, அண்ணி, நான் நால்வரும் உடம்பளவில் சுகம். மஸ்கட்டில் வெயில் அதிகம் என்கிறார்கள், நீங்களும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கு ஏற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். "மனசு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதாதே, அது அவனுக்கே தெரியும்" என்றும் சொன்னார்கள், அதனால் அதை எழுதவில்லை. உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அடுப்பங்கரையில் வைத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள், அதனால் அவர்கள் காதிலும் விழுந்தது. வண்டியைப் பற்றி நீங்கள் கேட்டிருந்த கேள்விகளை எல்லாம் படித்து வரும்போது கடைசியில், அந்த வண்டியை எடைக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள், அப்பா இனிமேல் யாரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம் என்று இருந்தது. அப்பா சோற்றில் மோர் ஊற்றச் சொன்னார்கள், அம்மா ஊற்றியதும் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்கள். தந்திக்குப் பிறகு நாங்கள் உங்களுக்கு எதுவும் எழுதாமல் இருந்தது தப்புதான். அம்மா எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் பாதியில் எழுந்து அடுப்பு வேலைக்குப் போய்விடுவார்கள். சுப்பையன் மாமா போட்ட கடிதத்தில் வண்டி வழியில் கொதித்து நின்றுவிட்டது என்ற ஒரு வரிதான் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் என்னென்ன நினைத்திருப்பீர்கள் என்று அம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது. இன்றைக்கு என்னை உட்கார வைத்து, "அவன் கேட்டதுக்கெல்லாம் ஒண்ணு விடாம பதில் போடு. நீதான் முன் சீட்டுல உக்காந்து வந்தே, வண்டி வெவரம் உனக்குத்தான் தெரியும். நீ பாத்ததை நீ எழுது, என் மனசுல இருக்கறதை நான் சொல்றேன்" என்றார்கள்.

வண்டி நின்றதற்கு முதல்நாள் சனிக்கிழமையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அன்றைக்குக் காலையிலிருந்து அப்பாவுக்கு நம் காரில் திருநள்ளாறு சவாரி. கூட்டம் குறைந்த பிறகு சுரக்குடி வழியாக வந்திருக்கிறார்கள். பங்குனியில் சுரக்குடி தார் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ரோடு முழுக்க உளுந்துச் செடியும் பயற்றஞ்செடியும்தான். மாமாவும் தம் உளுந்தைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பியிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் மறித்துக்கொண்டு, "மச்சான், பஸ்காரன் திட்டிக்கிட்டே ஓரமா ஒதுங்கிப் போறான், காய் வெடிச்சு உளுந்து உதிர மாட்டு வண்டி ஏறினா பத்தலை, நீங்க கொஞ்சம் ஏறி எறங்கிட்டுப் போங்க, மருமவளுக்குக் களி கிண்ட ஒரு மரக்கா இதுலதான் எடுத்து வைக்கப் போறேன்" என்றாராம். அண்ணிக்கு அம்மா இல்லாததால் பிள்ளைப்பேறு நம் வீட்டில்தான் என்று முடிவானதிலிருந்தே, பிரசவம் ஆனதும் இடுப்புக்குப் பலமாக உளுந்தங்களி கொடுக்க வேண்டும், கடை உளுந்து வேண்டாம், கறுப்புத் தோலோடு புது உளுந்து வேண்டும் என்று நம் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் அப்பா சந்தோஷமாகவே ஓட்டியிருக்கிறார்கள், முன்னாலும் பின்னாலுமாகப் பொழுது சாயும் வரை. வண்டிக்கு முன்னால் தூசி புகை மாதிரி எழும்பிற்று என்று மாமா பிறகு சொன்னார். கொடி அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்று அப்பாவுக்கு எப்போதும் பயம் உண்டல்லவா, அதனால் வீட்டுக்கு வந்ததும் சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் இருந்த கொடியை எல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்கள். நான்தான் கூடை பிடித்தேன். அடியில் பார்த்தார்கள், சக்கரத்தில் பார்த்தார்கள், முன்பக்கம் பார்க்கவில்லை. யாருக்குமே அது தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் உளுந்தின்மேல் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அடியில்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அண்ணிக்கு வலி எடுத்தது. நாம் காட்டிவந்த லேடி டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே திரும்பியிருக்கிறது, கும்பகோணத்தில் தமக்குத் தெரிந்த ஆபரேஷன் டாக்டர் இருக்கிறார், நேரம் இருக்கிறது, பயப்படாமல் அழைத்துப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பின் சீட்டில் அம்மா மடியில் தலை வைத்து அண்ணி படுத்துக்கொண்டார்கள், நான் கூஜாவில் குடிதண்ணீரோடு முன்னால் உட்கார்ந்தேன். திருநள்ளாறு தாண்டும்போதே சூடு காட்டும் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி நின்றது. அப்பாவும் அதைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று இருவரும் பேசவில்லை. அம்பகரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் பானெட் இடுக்கிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. அப்பா ஓரம் கட்டி, ஆறும் வரை நின்று, துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். பம்ப்செட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வண்டிக்குள் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். அப்பா உள்ளே ஊற்றியதோடு, சீக்கிரம் ஆறட்டும் என்று ரேடியேட்டர் முகத்திலும் குடம் குடமாக ஊற்றினார்கள். முள் இறங்கியது. புறப்பட்டோம். ஆனால் முதலில் ஏறியதைவிட வேகமாக முள் ஏறியது. மறுபடியும் நின்றோம், மறுபடியும் ஊற்றினோம், ஒவ்வொரு தடவையும் முன்பு ஓடிய தூரம்கூட ஓடவில்லை. அப்பா மூடியைத் திரும்பப் போட முடியாமல் தடுமாறுவதைப் பார்த்து அண்ணி, "மாமா, நான் தாங்கிக்கறேன், நீங்க பதறாதீங்க" என்றார்கள். அண்ணா, வலியில் உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது, அந்த உதட்டோடு சொன்னார்கள். பேரளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. பின்னால் வந்த கும்பகோணம் பஸ்ஸை அப்பா நடு ரோட்டில் நின்று கையை விரித்து நிறுத்தினார்கள். டிரைவர் முதலில் திட்டினார், பிறகு இறங்கி வந்து பார்த்துவிட்டு, "கடைசி சீட்டைக் காலி பண்ணுங்க, தாயி ஏறட்டும், இனிமே நடுவுல எங்கயும் ஸ்டாப் கெடையாது" என்று சத்தம் போட்டார். வழியில் இறங்க வேண்டியவர்கள் யாரும் ஒரு வார்த்தை முனகவில்லை. வண்டியைச் சாவியோடு அப்படியே விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அதில்தான் போனோம். ஆஸ்பத்திரியில் அண்ணியைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தைக்குப் பிறக்கும்போதே உயிர் இல்லை. அப்பா அந்த டாக்டரிடம், கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருக்குமா என்று கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அது எனக்குத் தெரியலைங்க, தெரிஞ்ச மாதிரி சொல்ல முடியாது" என்றார். அம்மா இதை அப்படியே எழுதச் சொன்னார்கள், ஆறுதலாக எதையும் சேர்க்காதே, அவன் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை என்றார்கள்.

இனி உங்கள் கேள்விகள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தீர்கள். புறப்படும் முன் அப்பா மூடியைத் திறந்து, கழுத்து வரை நிற்கிறது என்று என்னிடம் சொன்னார்கள், எனக்குத் தெரியும். பீர் மைதீன் பாய் மாற்றிய புது பெல்ட் வழுக்கியதா என்றால், இல்லை. வழியில் நின்றபோதெல்லாம் அப்பா அதை விரலால் அழுத்திப் பார்த்தார்கள், விறைப்பாகத்தான் இருந்தது, ஃபேனும் நன்றாகச் சுற்றியது. பாயைத் தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள், அவர் நம் வீட்டு வாசலில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டுப் போனார். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டதா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியானால் மேல் ஹோஸ் சுடாமல் இருந்திருக்குமாம். மேலேயும் சுட்டது, கீழேயும் ஏறக்குறைய அதே அளவு சுட்டது. மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டபோது உள்ளே தண்ணீர் சுழன்று ஓடுவதை நானே பார்த்தேன், அதனால் பம்ப்பும் வேலை செய்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும், ஆயில் டீ நிறத்துக்குத் திரிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். குமிழி இல்லை, குச்சியைத் துடைத்துப் பார்த்ததில் ஆயில் கறுப்பாகவே இருந்தது. இதையெல்லாம் அப்பா அந்த ரோட்டில் வைத்தே ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள் அண்ணா. நீங்கள் இன்றைக்கு மஸ்கட்டில் உட்கார்ந்து எந்த வரிசையில் கேட்கிறீர்களோ அதே வரிசையில்தான் பார்த்தார்கள். நீங்கள் அவர்களிடம்தானே தொழில் கற்றுக்கொண்டீர்கள்.

கும்பகோணத்திலிருந்து வந்த பிறகு மாமா வாடகை டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை இழுத்து வந்து கொல்லையில் விட்டார். இரண்டு மூன்று நாள் அப்பா அதன் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காலண்டர் தாள் ஒன்று கொண்டு வரச் சொன்னார்கள். இன்ஜினை ஓடவிட்டு, அந்தத் தாளை ரேடியேட்டர் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார்கள். உள்ளே ஃபேன் காற்றை இழுப்பதால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். தாள் கீழே விழுந்தது. எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள், அங்கேயும் விழுந்தது. உடனே இன்ஜினை நிறுத்திவிட்டு முன் கம்பியைக் கழற்றினார்கள், ரேடியேட்டரையும் கழற்றிச் சாக்கின்மேல் படுக்க வைத்தார்கள். அதன் முகத்தில் இருக்க வேண்டிய சின்னச் சின்னக் கண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை, சுவருக்குச் சாந்து பூசினமாதிரி இருந்தது. அப்பா ஓரத்தில் நகத்தை விட்டுப் பெயர்த்தார்கள். காய்ந்த அடை மாதிரி தகடாகக் கையோடு வந்தது. அதைப் பொடித்து, மோந்து பார்த்து, உளுந்து என்று சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைதான். செடிமேல் ஓட்டும்போது எழும்பிய தோல் பொட்டும் தூசியும் கம்பி வழியாக உள்ளே போய் ஒட்டியிருக்கிறது. அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை கும்பகோணம் போய்ச் சேர்ந்திருக்கும். நனைந்தால் உளுந்துப் பொட்டு பசை அல்லவா. ஆறட்டும் ஆறட்டும் என்று நாங்கள் முகத்தில் ஊற்றிய ஒவ்வொரு குடமும் அதைப் பசையாக்கி, இன்ஜின் சூடு அதைக் காயவைத்து, காற்று போகும் வழி முழுவதும் அடைபட்டுவிட்டது. தண்ணீர் இருந்தது, பெல்ட் இருந்தது, எல்லாம் இருந்தது, காற்று மட்டும் இல்லை. அதற்கு அடுத்த வாரம் எனக்கு அறிவியல் பரீட்சை. வெப்பம் பரவும் முறைகளை உதாரணத்துடன் விளக்குக என்று ஒரு கேள்வி வந்தது. முழுவதும் எழுதினேன், நல்ல மார்க் வரும். எழுதிவிட்டு வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

அண்ணியைப் பற்றி அம்மா சொல்வது. குழந்தை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புதானே என்று எல்லாம் முறைப்படி செய்தார்களாம். பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது, மல்லிகைப்பூவை வைத்துக் கட்டி வற்றச் செய்தார்கள். இதை எழுதலாமா என்று கேட்டேன், "புருசன்தானடி, எழுது" என்றார்கள். மாமா கொண்டு வந்த உளுந்தை என்ன செய்வது என்று அம்மா தவித்தார்கள், தூக்கிப் போடவும் மனசில்லை, வறுக்கவும் மனசில்லை. அண்ணிதான், "கிண்டுங்கத்தே, சாப்புடறேன்" என்றார்கள். அம்மா நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுக் கிண்டிக் கொடுத்தார்கள், அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்போது நடக்கிறார்கள், கொஞ்சம் பேசுகிறார்கள், உங்கள் கடிதம் வந்தால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அப்பாதான் சரியாக இல்லை. வண்டி சரியாகிவிட்டது அண்ணா. ரேடியேட்டரைச் துணி தேய்க்கிற பிரஷ்ஷால் கண் கண்ணாகத் தேய்த்துக் கழுவி, அப்பாவே திரும்ப மாட்டிவிட்டார்கள். எவ்வளவு நேரம் ஓடினாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. அப்பா தினமும் காலையில் இன்ஜினைப் போட்டு, முன்னால் போய் நின்று தாளை வைக்கிறார்கள், அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெளியே எடுப்பதில்லை. சவாரிக்கு யாராவது வந்து கூப்பிட்டால் வண்டி ரிப்பேர் என்கிறார்கள். போன வாரம் அண்ணியை டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள், அண்ணி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கொல்லைக்குப் போய் வண்டியின் முன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். "மாமா, எடுங்க, போவோம்" என்றார்கள். அப்பா வந்து உட்கார்ந்தார்கள். சாவியைப் போட்டார்கள். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். அண்ணியும் எழுந்து வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை, மடியில் கையை வைத்துக் காத்திருந்தார்கள். கடைசியில் அப்பா இறங்கி வாசலுக்குப் போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூட்டி வந்து, "இதுல போம்மா" என்றார்கள். அண்ணி ரிக்‌ஷாவில் ஏறும் வரைக்கும் அப்பா நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

இதற்கு மேல் அம்மா சொன்னது. "அவன் கோவம் எனக்குப் புரியுது. புள்ளையைப் பறிகொடுத்தவன், அதுவும் கண்ணால பாக்காம பறிகொடுத்தவன், யாரையாவது கோவிச்சுக்கத்தானே வேணும். என்னைக் கோவிச்சுக்கச் சொல்லு, புது உளுந்துதான் வேணும்னு நின்னவ நான். எங்க அண்ணனைக் கோவிச்சுக்கச் சொல்லு. அந்த மனுசனை மட்டும் விட்டுடச் சொல்லு. மன்னிச்சேன்னு எழுத வேண்டாம், அது அவரை இன்னும் கொன்னுடும். எங்கிட்ட கேட்டானே, தெர்மோஸ்டாட் என்ன ஆச்சு, பெல்ட் என்ன ஆச்சுன்னு, அதை அவருகிட்டயே கேக்கச் சொல்லு. அவரு பதில் எழுதுவாரு. அப்பனும் மவனும் வண்டியைப் பத்தித்தானே பேசிப்பீங்க, வேற என்னைக்குப் பேசியிருக்கீங்க." எழுதியதை ஒரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், கேட்டுவிட்டுப் பரவாயில்லை, இருக்கட்டும் என்றார்கள். வண்டியை எடைக்குப் போடும் பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று அண்ணியும் சொல்லச் சொன்னார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் வெறும் தலையோடு நிற்காதீர்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், உங்கள் வீடு மறுபடியும் நிறைய வேண்டும் என்று அம்மா இங்கிருந்தே உங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார்கள். மறக்காமல் எழுதச் சொன்னது ஒன்று. இந்த முறை உறையின்மேல் அம்மா பெயரைப் போட்டிருந்தீர்கள். அடுத்த கடிதத்தை எப்போதும்போல் அப்பா பெயருக்கே அனுப்ப வேண்டுமாம்.

இதை மடிக்கப் போகும்போது அப்பா உள்ளே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. "நான் சொல்றதையும் போடு" என்றார்கள். குழந்தையை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு அப்பாதான் தனியாகப் பஸ்ஸில் ஊருக்குக் கொண்டு வந்து அரசலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள், எங்களில் வேறு யாரும் பார்க்கவில்லை. இத்தனை நாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பொம்பளப் புள்ளைன்னு எழுது. தந்தியில அதைப் போடலை. தலை நெறைய முடி, கறுகறுன்னு. காது ரெண்டும் அவன் காதுதான், மேல கொஞ்சம் மடிஞ்சு. துண்டுல சுத்தி மடியில வச்சிக்கிட்டு வந்தேன். பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா, பேத்தியா, அசந்து தூங்குதே, முகத்தை மூடாதீங்க, வேர்க்கும்னு சொன்னாங்க. ஆமாம்மா, பேத்திதான்னேன். துண்டை வெலக்கிவிட்டேன். காரைக்கால் வர்ற வரைக்கும் மூடலை. அதனால நல்லாப் பாத்தேன்னு எழுது. அவன் என்ன கேட்டாலும் எனக்குத் தெரியும்னு எழுது."

இப்படிக்கு,
அம்மா காசியம்மா
அப்பா செல்லக்கண்ணு
(எழுதியது அல்லி)